இருநூற்றுப் பதினேழாம் இலக்கப் படகு

சங்கக் கணக்கில் குறைந்தது
மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரம்.
பொருளாளர்தான் எடுத்தார் என்று
கையொப்பம் வைத்தவர்கள் மூன்று பேர்.
மூன்று பேரும் உட்துறைமுக வீதியில்
என் காசில் பிளேன்டீ குடித்தவர்கள்.

திருகோணமலைச் சிறையில் பதினொரு மாதம்.
சுவருக்கு அந்தப் பக்கம் கடல்.
இந்தப் பக்கம் நான்,
அதே கூட்டலை
மறுபடி மறுபடி, பிழையில்லாமல்.

பிறகு யோக்கீமின் மருமகன் கனடா போனான்.
காசு போன வழி எல்லோருக்கும் தெரிந்தது.
ஒருவரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை.
சந்தையில் மீன் நிறுக்கும்போது
எனக்கு மட்டும் தராசு கொஞ்சம் தாழ்ந்தது.
அவ்வளவுதான் மன்னிப்பு.

நேற்றுப் பின்னேரம் அல்வீரா வந்தாள்,
பொனிப்பாஸின் மனைவி.
பையில் நாலு வாழைப்பழம், ஒரு பிடி கீரை.
பழம் வார்ட்டில் யாரோ கொடுத்தது,
அவன் இனித் தின்னக்கூடாதது.
"ரெண்டு கிட்னியும் போட்டுது அண்ணை.
கிழமைக்கு மூண்டு தரம் மெசினிலதான்.
ஒருக்காச் செபம் பண்ணுங்கோ."
மன்னியுங்கோ என்று சொல்லவில்லை.
கடைக்குப் போகிறவனிடம்
தீப்பெட்டி சொல்லிவிடுவது போலச் சொன்னாள்.

ஊசு நாட்டான் ஒருவன் இருந்தான், பழைய ஏற்பாட்டில்,
சாம்பலில் குந்தி ஓட்டால் புண் சுரண்டியவன்.
நீ பாவம் செய்தாய், அதுதான் என்ற மூன்று பேரும்
கடைசியில் அவனிடமே வந்தார்கள்
ஏழு காளை, ஏழு கடாவோடு.
எனக்கு நாலு வாழைப்பழம்.
கொண்டுவந்தவளோ கையொப்பம் வைக்காதவள்.

அவர்களுக்காக மன்றாடினான்,
எல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பியது என்று
பிரசங்கத்தில் வேகமாய்க் கடந்துவிடுவார்கள்.
புண் எப்போது ஆறியது என்று எழுதியில்லை.
நான் கணக்கெழுதினவன்.
தேதியில்லாத வவுச்சரை அப்படியே விடமாட்டேன்.
மன்றாடியபோதும் அவன் கையில்
ஓடு இருந்திருக்கும்.
சொறிந்துகொண்டே சொல்லியிருப்பான்
ஒவ்வொரு பெயராய்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

இரவு முழந்தாளிட்டேன்.
பொ என்று தொடங்கினேன்.
நாக்கு அந்த எழுத்திலேயே தரைதட்டியது.

ஆண்டவரே,
சங்கப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினேழாம் இலக்கப் படகு,
நீல அடி, பழைய யமஹா எஞ்சின்.
அதன் சொந்தக்காரனுடைய சிறுநீரகங்களைப்
பார்த்துக்கொள்ளும்.
மற்ற இரண்டு பேருக்கும்
இன்றைக்கு இல்லை.

பதிவேட்டை அவரே புரட்டிப் பார்க்கட்டும்.
அந்தப் பதினொரு மாதமும்
அவருக்கு வேறு என்ன வேலை இருந்ததோ.

ஒட்டகம் ஒன்றும் வரவில்லை.
விடியற்காலை, படலையைத் தள்ளிக்கொண்டு
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்தது.
படியில் வைத்தபடியே இருந்த பையைக் கிழித்து
பழத்தைத் தோலோடு தின்றது, கீரையையும்.
நான் விரட்டவில்லை.
பிறகு பையையே மெல்லத் தொடங்கியது.

எழுந்து போனேன்.
கழுத்தை ஒரு கையால் அணைத்து
வாயிலிருந்து பொலித்தீனை இழுத்தேன்.
அது விடாமல் இழுத்தது.
விடு, விடடா பொனிப்பாஸ்,
விடு என்றேன்.