பங்கில் வராத சிவப்பு

பிள்ளையார் நோன்பு கழிந்த நாலாம் நாள்.
செக்காலை ரோட்டில் பனி விலகவில்லை.
சிகப்பி வந்தாள்.
விக்ஸ் டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் கல்.

"மோகொக் மாணிக்கம்.
எங்க ஐயாவோட ஐயா பர்மாவில்
பெட்டியடிப் பையனாய்ப் போய் ஆளானவர்.
கடனடைக்க முடியாத ஒருத்தன்
விரலிலிருந்து கழற்றிக் கொடுத்தானாம்.
இப்போ பதினொரு புள்ளி.
எல்லோரும் வாட்ஸப்பில் விலை கேட்கிறார்கள்."

விளக்குமேல் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்துச் சுற்றினேன்.
மாணிக்கம் என்றால் கண் சிமிட்டும்,
கால் சுற்று வெளிச்சம், கால் சுற்று இருட்டு.
இது சிமிட்டவில்லை.
வாய் திறக்காத சாட்சி மாதிரி
முழுச் சுற்றும் ஒரே இருட்டு.

பிறகு காந்தம்.
தெர்மாகோல் துண்டில் ஏற்றித்
தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு நீட்டினால்
மாணிக்கம் அசையாது.
இது வந்தது,
கூப்பிட்டது தன்னைத்தானா என்ற சந்தேகத்தோடு.
உள்ளே இரும்பு.

"கார்னெட்" என்றேன்.
கோமேதகத்துக்குப் பெரியம்மா மகள்.
மாதுளை முத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் வைத்த பெயர்.
மணவாளக்குறிச்சிக் கரையில் மணலோடு மணலாய்க் கிடக்கும்.
தச்சர் தேய்க்கிற உப்புத்தாளிலும் இதன் தூள் உண்டு.
கழற்றிக் கொடுத்தவன் ஏமாற்றினானா,
அவனே ஏமாந்திருந்தானா,
அதற்கு என்னிடம் கருவி இல்லை.

நமக்குக் கல் கிரகத்துக்கு.
மாதத்துக்கொரு கல் என்பது
நூறு வருஷம் முன்னால் அமெரிக்க நகைக்கடைக்காரர்கள்
கூடி உட்கார்ந்து போட்ட பட்டியல்.
அதில் ஜனவரிக்கு இது.
ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

"நான் ஜனவரி" என்றாள்.
"இழை எடுத்த ராத்திரி.
மாவோடு எரியும் திரியை
அம்மா விழுங்கின கையோடு வலி வந்ததாம்."

விலை சொன்னேன்.
போனில் பதினொன்றால் வகுத்தாள்.
ஒரு பங்குக்கு மதுரை பஸ் டிக்கெட்,
மிஞ்சினால் ஒரு காபி.
சிரித்தாள், நெடுநேரம், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

குரூப்பில் எழுதினாள்: மாணிக்கம் இல்லை. யாருக்காவது வேணுமா?
நாலு கும்பிடு வந்தது.
தேவகோட்டைச் சித்தப்பா குரூப்பை விட்டு வெளியேறினார்.
டீ வந்து ஆறும்வரை காத்திருந்தோம்.

"வெள்ளியில் கட்டிடுங்க."
விரலை நீட்டினாள்.
அளவு வளையம் மாட்டுகையில்தான் பார்த்தேன்,
காந்தத்தை இன்னும் எடுத்து வைக்கவில்லை.
கல்
தட்டின் விளிம்புவரை வந்து நின்றிருந்தது.