இடப்பக்கக் கிழிசல்

பழைய சன்னல் சட்டத்தில் பேக்கிங் காகிதம் ஒட்டி
களஞ்சிய வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.
வெய்க்கோவுக்குக் கோபம்.
பன் சுட
இந்த வாரமும் காகிதம் இல்லை.

ஆறடி தள்ளி நின்று எய்கிறேன்.
அம்பு போன விதத்தைக் காகிதம் சொல்கிறது:
முனை நுழைந்தது ஓரிடம்
வால் கிழித்தது வேறிடம்
நடுவே கட்டைவிரல் அகலம்.
இடப்பக்கம். எப்போதும் இடப்பக்கம்.

அறுகோணச் சாவியைத் திருகி
அம்பு தங்கும் கொக்கியை மயிரிழை நகர்த்துகிறேன்.
இடப்பக்கம்.
நாணைக் கழற்றி ஒரு முறுக்குக் கூட்டுகிறேன்.
இடப்பக்கம்.
மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும்
ஒன்றாகத்தான் நிற்கின்றனவா என்று பார்க்க
பால் லாரிப் பணிமனையிலிருந்து
எர்க்காவைக் கூட்டிவருகிறேன்.
"ஒன்றாகத்தான் நிற்கிறது" என்கிறான்.
"லாரிக்கு அலைன்மென்ட் பார்க்கச் சொன்னால்
இதில் பாதி அக்கறை உனக்கு இருக்காது."

போன அக்டோபரில் அவன் இங்கே இல்லை.

இருபத்தெட்டு மீட்டர். வெண்வால் மான். பெட்டை.
நெஞ்சைப் பார்த்து விட்டது
நான்கு விரல் பின்னால் போயிற்று.
லிங்கன்பெரி இலைமேல் இரத்தம்,
அதில் அரைத்த புல்லின் பச்சை.
அதற்கு என்ன பொருளென்று
யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
ஸாகரியின் நாய் ஹல்லா
மழை பிடிக்கும்வரை மூக்கைத் தரையைவிட்டு எடுக்கவில்லை.
பார்லி வயல் வாய்க்காலில் நின்று
எங்களைத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.
ஸாகரி குடுவையைத் திறந்து
முதல் கோப்பையை எனக்கு ஊற்றினார்.
திட்டியிருந்தால் தேவலை.
மூன்றாம் நாள்
அண்டங்காக்கைகள் இடத்தைக் காட்டின.

துர்க்குவில் வில் தேர்வில் தேறியவள் நான்.
ரப்பர் மானுக்கு வயிறு இல்லை.

ஆகஸ்ட், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்.
காகிதத்துக்கு ஈடாக
மாவு பிசைந்து தரச் சொன்னார் வெய்க்கோ.
பிசைந்தேன். பாதியில், கை கழுவாமல்,
இன்னும் ஒரே ஒன்று என்று வெளியே ஓடினேன்.
இடப்பக்கம்.
வில்லைக் கீழே வைத்தபோதுதான் கண்டேன்
கறுப்புப் பிடியில் மாவால் பதிந்த என் கையை:
ஐந்து விரலும், உள்ளங்கை முழுதும்,
விழப்போகிறவள் கைப்பிடிச் சுவரைப் பற்றியதுபோல.
அங்கே பட வேண்டியது
கட்டைவிரல் மேடு மட்டும்.

எய்தவள் இங்கே குத்துக்கல்லாக நிற்க
ஆறு வாரம் அம்பை நொந்திருக்கிறேன்,
நாணை, கொக்கியை, சக்கரத்தை,
ஒரு தடவை காற்றைக்கூட,
களஞ்சியத்துக்குள்.

விரல்களை அவிழ்ப்பது எளிதென்றா நினைக்கிறீர்கள்?
விட்டால் வில் விழுந்துவிடும் என்று கை நம்புகிறது.
மணிக்கட்டுக் கயிறு இருக்கிறதென்று
கைக்குத் தினமும் சொல்ல வேண்டியிருந்தது.
பன்னிரண்டாம் நாள்
காகிதத்தில் ஒரு துளை,
அதைச் சுற்றி இறகுகளின் மூன்று கீறல்.
வெய்க்கோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"ஓட்டை" என்றார்.

பிறகு அகன்ற கத்திமுனை பூட்டி.
மண்டியிட்டு. களஞ்சியக் கூரையிலிருந்து சரிவாக.
குளிர்க்கோட்டின் கை நாணில் உரசுகிறதா என்று.
தபால்பெட்டிவரை ஓடிப்போய் வந்து
இதயம் காதில் அடிக்கும்போது.
இருபத்தெட்டில் அடித்திருந்த முளையைப் பிடுங்கி
இருபத்திரண்டில் அடித்தேன்.

செப்டம்பர் கடைசி. பரணில்
ஐந்தரை மணியிலிருந்து இருக்கிறேன்.
பட்டாணிக் கொல்லையின் ஓரமாக வருகிறது.
கிடா. கொம்பில் ஒரு கிளை முறிந்தது.
இழுத்துவிட்டேன். பிடி கட்டைவிரல் மேட்டில்,
விரல்கள் தளர்ந்து, பார்வைத்துளை வட்டமாக,
எல்லாம் அதனதன் இடத்தில்.
மான் மட்டும் என்னை நேரே பார்த்து நிற்கிறது.
நெஞ்செலும்பு. அதன் பின்னால் எல்லாம் மறைவு.
திரும்பு என்கிறேன் மனதுக்குள்.
இருபத்திரண்டு இருக்கலாம்.
இருபத்தாறும் இருக்கலாம்.

இழுத்த நாணை எய்யாமல் திரும்ப விட
நான் பழகியதே இல்லை.
பாதிவரை சாதுவாக வரும்,
பிறகு முப்பது கிலோவும் ஒரே மூச்சில்
தோளைப் பிய்த்துக்கொண்டு போகும்.
பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன்.
பரண் பலகை முனகியது.
மான் காதைத் திருப்பியது,
இன்னொரு வாய் பட்டாணி மேய்ந்தது,
பிர்ச் மரங்களுக்குள் நடந்தே போயிற்று.

ஏழு நாற்பது.
ஒன்பதுக்கு லாரி எடுக்க வேண்டும்.
இடது கையை விரித்துப் பார்க்கிறேன்.
நடுங்குகிறது, நடுங்கட்டும்.