அட்டவணை மூன்றின் அடிக்குறிப்பு

இரட்டை இடைவெளி வேண்டுமாம்.
நாலு ஓரமும் இரண்டரைச் சென்ரிமீற்றர் வெள்ளை.
வரிக்கு வரி இலக்கம்,
ஒன்று தொடங்கி அறுநூற்றுப் பன்னிரண்டு வரை;
மிதிவெடி அகற்றினவர்கள் காணிக்குள் அடித்த கட்டைகள் மாதிரி
இடது பக்கத்தில் நிற்கின்றன.

கரடிப்போக்குச் சந்திக்குப் பின்னால் வாடகை அறை.
இரவு பதினொன்றரை. டொங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன்,
அங்கேதான் சிக்னல்.

சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லுக்குள்.
என்னிடம் ஆங்கிலத்தில் இருநூற்று எழுபத்தொன்று.
'மிகவும்' எல்லாவற்றையும் முதலில் வெட்டினேன்.
பிறகு வைகாசி வெயிலை.
பிறகு, சவர் ஏறியது எப்போது என்று
சனம் சொன்ன மூன்று வேறு வேறு ஆண்டுகளை.
இருநூற்று நாற்பத்தொன்பது.
ஒரு சொல்லுக்கு இடம் மிச்சம்.
அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

குடும்பப் பெயர் என்ற கட்டம்
சிவப்பு நட்சத்திரம் போட்டு விடாப்பிடியாய்க் கேட்கிறது.
எங்களுக்கு அப்படியொன்று இல்லை என்று எழுத
அங்கே இடமில்லை.
அப்பாவின் பெயரைப் போட்டேன்.
இனி எவராவது எங்கேயாவது கிணற்றுச் சவரைப் பற்றி எழுதினால்
'குணநாயகம் மற்றும் பிறர்' என்று
அவரைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள்.
தருமபுரத்தில் லாண்ட்மாஸ்ரர் ஓட்டுகிறவர்.
கோட்டுக்கு ஒரேயொரு தரம் போனவர், மாட்டு வழக்கொன்றுக்கு,
அதுவும் தோற்றது.

ஆசிரியரைக் காட்டிக்கொடுக்கும் எதுவும்
பிரதியில் இருக்கக்கூடாது.
காட்டிக்கொடுக்கும்.
இந்த ஊரில் இருந்துகொண்டு
அந்தச் சொல்லை இரண்டு தரம் வாசித்தேன்.
நன்றியுரையைத் தூக்கினேன். அதோடு போனான்
பெட்டி நிறையப் போத்தலோடு
கிரவல் வீதியில் எனக்குப் பின்னால் இருந்து வந்த நிரோஜன்.
விசுவமடு 'ஒரு கிராமம்' ஆனது.
குளம் 'ஒரு நீர்த்தேக்கம்'.

அட்டவணை மூன்று.
நாற்பத்தொரு கிணறு, மாரிக்கும் கோடைக்கும் ஒவ்வொரு நிரல்.
கோடையில் மூன்று கட்டம் வெறுமை.
வெறுமையாய் விடக்கூடாது என்கிறது விதி,
பூச்சியமும் போடக்கூடாது, ஒரு கோடு போடவேண்டும்.

ஒன்பதாம் கிணற்றுக்கு ஒரு கோடு:
அன்று அந்த வீட்டில் சாமத்தியச் சடங்கு.
கூப்பிட்டு இருத்தி, அரியதரமும் பயத்தம் பணியாரமும் தந்து,
போகும்போது பையிலும் போட்டுவிட்டார்கள்.
வெறும் போத்தலோடு திரும்பியதை
முரசுமோட்டை தாண்டித்தான் கண்டுபிடித்தேன்.

இருபத்துமூன்றுக்கு ஒரு கோடு:
மாரிக்குப் பிறகு அந்தக் காணியைச் சுற்றி
மஞ்சள் நாடா.
மாரியில் நான் அதற்குள் நடந்திருக்கிறேன்,
கயிறும் வாளியுமாய்,
போனில் கதைத்தபடி.

முப்பத்துநாலுக்கு ஒரு கோடு:
"அந்தக் கிணத்தில இனி அள்ளவேண்டாம், பிள்ளை"
என்றாள் அந்த மனிசி.
முதல்தரம் தானே கப்பியைப் பிடித்துத் தந்தவள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவளும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடிக்குறிப்பு:
'— மாதிரி பெறப்படவில்லை.'
மூன்றுக்கும் அதுதான்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது.
படங்களைத் தனித்தனியாய் ஏற்றினேன்,
அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி.
நிரல்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட நலன் எதுவுமில்லை என்று
கையெழுத்து வைத்தேன். நிரல்கள் இல்லை, ஆசிரியர்கள்.
நித்திரை.

காலையில் பதில் வந்திருந்தது. மறுப்பும் இல்லை, ஏற்பும் இல்லை.
அவர்களுக்கு என் தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது.
'அட்டவணை மூன்று: கோடுகள் குறுகியவை.
நீண்ட கோடுகளாக மாற்றி மீண்டும் அனுப்பவும்.'

பிளேன்டீயை ஒரு பக்கம் வைத்துவிட்டு
மாற்றினேன்.
ஒன்பது. இருபத்துமூன்று.
முப்பத்துநாலில் கொஞ்சநேரம் நின்று,
அதையும்.