பாதிக் கட்டில்

முதுகலைக்கு எட்டு இடம்.
விண்ணப்பித்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம்.
இரண்டாம் வருடமும் அதே கடிதம்;
இந்த முறை பெயரில் மட்டும் பிழையில்லை:
திலோஷ்னி மூட்லி.

கல்யாண வீடுகளில் இன்னும் கேட்கிறார்கள்,
"நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்?"
பந்தி எப்போது என்றுதான்.
அதற்குப் பட்டம் தேவையில்லை.

உம்லங்காவில் நான்காம் மாடி.
காதில் ஹெட்செட். கடன் வசூல்.
மனிதர்களைப் புரிந்துகொள்பவர் தேவை என்று
விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

இன்று பதினோராவது அழைப்பு, வெருலம்.
இரட்டைக் கட்டில், ஏழு தவணை பாக்கி.
"பாதிக்குத்தான் கட்டுவேன்" என்றாள்.
"ஜன்னல் பக்கத்துப் பாதி
ஜூலையிலேயே போய்விட்டது, வேறொருத்தியோடு.
வேண்டுமானால் ரம்பத்தோடு ஆள் அனுப்பு."

மௌனமும் ஒரு கருவி என்று
மூன்றாம் ஆண்டில் சொல்லித்தந்தார்கள்.
டர்பன் மலைமேல் அந்த வகுப்பறையில்
இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து பழகினோம்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.
இங்கே ஐந்து நொடி பேசாவிட்டால்
திரை சிவக்கும்.

சிவந்தது. சிவக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
அவள் மூச்சு.
பின்னால் ஒரு கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது.
"இருக்கிறாயா?"
"இருக்கிறேன்."
அதற்குப் பிறகுதான் அழுதாள்.
கட்டிலைப் பற்றி இல்லை.

பத்தொன்பது நிமிடம். அனுமதி நான்கு.
கண்ணாடி அறைக்குள்ளிருந்து பிரகாலன்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறான்.
முடிவைக் குறிக்கும் கட்டத்தில் மூன்றே சொற்கள்:
கட்டுவார். மறுத்தார். தவறான எண்.

தவறான எண் என்று அழுத்தினேன்.
இனி இங்கிருந்து யாரும் அவளை அழைக்கமாட்டார்கள்.

நானும்.