நானூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியம்

பெருங்குடி, ஆறாவது மாடி, ராத்திரி ஷிப்ட்.
ஒரு நாளைக்கு அறுநூறு ஆங்கில வாக்கியம்.
ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று பொத்தான்:
உவமை, உருவகம், உள்ளது உள்ளபடி.
வாக்கியத்துக்கு எத்தனை பைசா விழுகிறதென்று
முதல் மாதம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அப்புறம் பார்க்கவில்லை.

முதல் வாரம் சுலபம்.
'லைக்' வந்தால் உவமை. வராவிட்டால் யோசி.
எட்டாம் வகுப்பில் உவம உருபுகளை
மளிகைச் சீட்டு மாதிரி ஒப்பித்தவன் நான்,
எனக்கா தெரியாது?

சிக்கியது இரண்டாம் வாரம்.
'அவள் தன் அக்காவைப் போல இருக்கிறாள்.'
உவமை என்று அழுத்தினேன்.
சிவப்பில் திரும்பி வந்தது:
அக்கா தங்கைக்கு ஒரே ஜாடை. இதில் உவமை எங்கே?
அனுப்பியவர் தேன்மொழி, தரம் பார்ப்பவர்,
இரண்டு வரிசை தள்ளி உட்காருபவர்.
பெயருக்குள்ளேயே ஒரு 'போன்ற' ஒளிந்திருக்கிறது.
தேன் போன்ற மொழி. உருபு தொக்கிவிட்டது.
பேசிப் பாருங்கள்,
தேனும் தொக்கிவிட்டது.

டீக்கடையில் சொன்னேன்:
இங்கிலீஷ்காரன் பாவம் மேடம்.
'வேல்விழி' என்றால் நமக்கு உவமை,
திருப்பிப் போட்டு 'விழிவேல்' என்றால் உருவகம்.
ஒரு சொல்லும் கூட வேண்டாம்,
இடம் மாறினால் போதும்.
அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:
"இடம் மாறினா இங்க சம்பளம் பிடிப்பாங்க."

பிறகொரு நாள், நானூற்றுப் பன்னிரண்டு:
'அந்த வீடு தண்ணீருக்குள் இருக்கிறது.'

வேளச்சேரிக்காரனுக்கு இதில் யோசிக்க என்ன?
அந்த டிசம்பரில் ஃபிரிட்ஜ் மிதந்து வந்து
பூஜை அறைக் கதவைத் தட்டியது.
(தட்டியது உருவகம். மிதந்தது இல்லை.)
ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில்
பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது,
இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும்.
உள்ளது உள்ளபடி. அழுத்தினேன்.

சிவப்பு.
'வீட்டின் விலையைவிடக் கடன் அதிகம் என்று பொருள்.
உருவகம். திருத்தவும்.'

அப்போதுதான் உறைத்தது.
தண்ணீர் வடிந்தபின் எங்கள் தெருவில்
வீடு கேட்டு ஒருத்தரும் வரவில்லை.
புரோக்கர் சொன்ன விலை
பாங்க் பாக்கியில் பாதி.
ஆக, இரண்டும்.
இரண்டுக்கும் சேர்த்து பொத்தான் இல்லை.

குறிப்புப் பெட்டியில் எழுதினேன்,
பிழை மலிந்த என் இங்கிலீஷில்:
கோடு எத்தனை அடி, தவணை இன்னும் எத்தனை.

பதில் வரவில்லை. அவரே வந்தார்,
ஹெட்செட் கழுத்தில் தொங்க.
"எங்க வீடு முடிச்சூர்," என்றார்.
கொஞ்ச நேரம் என் ஸ்கிரீனையே பார்த்தார்.
"ஆனா இத எழுதினவன் முடிச்சூர் இல்லயே.
உருவகம்னு போடுங்க."

போட்டேன்.

விடியக் காலையில் கீழே வந்தால் மழை.
"ரோடு ஆறு மாதிரி ஓடுது சார்," என்கிறார்
முழங்கால் வரை பேண்ட்டை மடித்த
ஷேர் ஆட்டோக்காரர்.
'மாதிரி' இருக்கும்வரை பயமில்லை என்று
நான் ஏறி உட்கார்ந்தேன்.
தேன்மொழி மேடம் செருப்பைக் கழற்றிக்
கையில் எடுத்துக்கொண்டார்.