ஒரு நிமிடத் தரிப்பு

நகர்சேர் கடுகதி புளியங்குளத்தில் நிற்பதில்லை.
என் போட்டோக்கொப்பிக் கடைக் கண்ணாடியைக்
காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை
உலுக்கிவிட்டுப் போகும்.

மகஜரைத் தட்டச்சுச் செய்தது நான்தான்.
பக்கத்துக்கு நாற்பது ரூபா. இதற்கு வாங்கவில்லை.
'மேற்படி கடுகதி ஒரேயொரு நிமிடம்' என்று தொடங்கி
அப்படியே நின்றுவிட்டது விரல்.
ஒரு நிமிடம் எதற்கென்று
கொழும்பிலிருப்பவருக்கு எப்படிச் சொல்வது?

முத்துலெச்சுமி சொன்னாள்:
செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில
இரத்தம் கழுவ வேணும்.
பஸ்ஸில போக மூண்டு மணித்தியாலம்,
மெஷினில நாலு, திரும்பி வர மூண்டு.
கழுவின இரத்தம் பஸ்ஸிலயே ஊத்தையாப் போகுது பிள்ளை.

அதை அப்படியே அடித்தேன்.
பிறகு அழித்து 'சிகிச்சை நிமித்தம்' என்று போட்டேன்.
பிறகு அதையும் அழித்து
அவள் சொன்னதையே திரும்பப் போட்டேன்.

தெய்வேந்திரம் பப்பாசிப்பால் காயாத கையோடு ஒப்பமிட்டார்,
தாளில் விரல் ஒட்டிப் பிரிந்தது.
போன மாரியில் அவருடைய சினைப்பசுவைக்
கடவையில் அடித்தது இதே கடுகதிதான்.
'நிக்கிற ரயில் எண்டா மெல்லமாத்தானே வரும்'
என்றார், பேனாவை மூடியபடி.

தண்டவாளம் இல்லாத காலத்தைப் பற்றியும்
ஒரு பந்தி சேர்க்கச் சொன்னார் சங்கத்துத் தலைவர்.
சிலிப்பர் கட்டைகள் பங்கருக்கு மேலே கிடந்த காலம்,
கட்டைகளுக்குக் கீழே நாங்கள் கிடந்த காலம்.
சேர்க்கவில்லை.
நேர அட்டவணை போடுகிறவருக்கு அது எதற்கு?

ஏழு மாதம் கழித்துப் பதில்.
வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகமெடுக்க
ஆறு நிமிடம் விரயமாம்.
எனினும் மூன்று மாதம் பரீட்சார்த்தமாக.
காலை வண்டிக்கு நாளொன்றுக்குச்
சராசரி இருபது பேர் ஏறவேண்டும்.

முதல்நாள் மேடை போதவில்லை.
கடைசி மூன்று பெட்டிகள் பற்றைக்குள் நின்றன.
வாசல் எங்கே வாசல் எங்கே என்று
ஊரே ஒரு நிமிடம் ஓடியது.
தெய்வேந்திரத்தின் பத்துப் பெட்டியில் ஆறு ஏறியது.
மிச்ச நாலையும் ஸ்டேஷன் மாஸ்டர் தொடக்கம்
ஓட்டோக்காரர் வரை வெட்டித் தின்றோம்.

அடுத்த நாள் மதுர்சிகா
எந்த வாசல் எங்கே வருமென்று
மேடையில் சுண்ணாம்புக் கோடு கீறினாள்.
கொக்குவில் அறையை விட்டுவிட்டாள் அவள்.
வீட்டிலிருந்தே கம்பஸுக்குப் போய்வருகிறாள்,
வாடகைக் காசில் தாய் தையல் மெஷினுக்கு
மோட்டர் பூட்டிவிட்டாள்.
இரண்டு ஓட்டோ நாலாகி
நிழலுக்காகச் சண்டையும் பிடித்தன.
ஐந்து மணிக்கே தேத்தண்ணி கொதித்தது.

நான் எண்ணினேன்.
சி.ஆர் கொப்பியில், நாளுக்கொரு கோடு.
இருபத்தாறு. பதினேழு. முப்பத்தொன்று, அது தேர்த்திருவிழாவுக்கு.
ஐப்பசி மழை பிடித்ததும் பன்னிரண்டு, ஒன்பது.

கடைசிநாள் சராசரி தேற
இன்னும் இருபது பேர் வேணும்.
மேடையில் குடை குடையாக எண்ணினேன்.
பத்தொன்பது.

கடையைப் பூட்டினேன். டிக்கெட் எடுத்தேன்.
இரண்டாம் பெட்டி, சுண்ணாம்புக் கோட்டுக்கு நேரே.

நின்று கிளம்பும் ரயிலுக்கு
என் கண்ணாடி அசையவில்லை.
உள்ளிருந்து பார்த்தேன்.

முத்துலெச்சுமி, வெள்ளிக்கிழமை முத்துலெச்சுமி,
ஊசிக்கையை மடியில் வைத்துக்கொண்டு
மற்றக் கையால் பையை இழுத்து இடம் தந்தாள்.
'எங்க போறாய் பிள்ளை?'
'இருபதாவது ஆளாப் போறன்.'

மாங்குளம் கடந்தது.
முறிகண்டியில் நிற்கவில்லை.
சுளகில் கச்சானோடு ஒருத்தி,
தலைமயிர் காற்றில் பறக்க,
போகிற ரயிலைப் பார்த்தபடி.

எத்தனை கச்சான்கடை, எத்தனை பேர்,
பிள்ளையாரும் சேர்ந்தால் எத்தனை கையொப்பம் வரும்
என்று மனம் தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது.

பக்கத்துக்கு நாற்பது ரூபா.
வாங்கமாட்டேன்.