மேல் எந்தப் பக்கம்

எண்பது மீட்டரும் பத்திரமாக இறங்கிவிட்டு
கடைசிப் படியில் சறுக்கினேன்.
கணுக்காலில் மாவுக்கட்டு, ஐந்து வாரம்.
முப்பந்தலில் என் ஏணியில் இப்போது
வேறொருவன் ஏறுகிறான்.

ஆரல்வாய்மொழி வாடகை வீட்டில்
தலையணைமேல் பழைய மடிக்கணினி,
எக்ஸ் விசை உதிர்ந்துபோனது.
ஒரு காற்றாலையைத் திரையில் நானே செய்து
சுழலவிட வேண்டும்.
ஏன் என்று கேட்டால் பதிலில்லை.

அஜின் போனில் சொன்னான்,
'மாயா படி மக்கா, சினிமாக்காரனெல்லாம் அதுதான்.'
சோதனைக் காலம் முடிந்தால் மறைந்துபோகும் என்பதைப்
பெயரிலேயே சொல்லிவிட்டார்களே என்றேன்.
சந்தாத் தொகையைப் பார்த்தேன்.
என் வீட்டு வாடகை
மரியாதையாய் எழுந்து நின்றது.

ரெஜிலா அவள் வகுப்புப் பிள்ளைகளுடையதைக் காட்டினாள்:
உலாவியிலேயே திறக்கும், இழு, வை, பெரிதாக்கு.
பத்தே நிமிடத்தில் கோபுரம், மூன்று இறக்கை.
நின்றது.
நிற்க மட்டும்தான் செய்தது.
ஆடி மாதம்,
கதவைச் சாத்தக் கல் வைக்கவேண்டிய ஊரில்
உட்கார்ந்துகொண்டு
அசையாத காற்றாலையை
எவ்வளவு நேரம் பார்ப்பது?

பிளெண்டர் இலவசம்.
இறங்கி முடிய இரவு ஒன்றரை மணி.
திறந்தால் நட்டநடுவில் ஒரு சாம்பல்நிறக் கனசதுரம்,
கூப்பிடாமல் வந்து உட்கார்ந்த விருந்தாளி.
சுற்றிலும் விமானி அறைபோல் பொத்தான்கள்.
எக்ஸை அழுத்தி முதலில் அதை அழி
என்றார் காணொளியில் பேசுகிறவர்.
எக்ஸுக்கு எங்கே போவேன்.
சரி, இருந்துவிட்டுப் போ.

அஜின் இன்னொன்றும் சொன்னான்:
மாயாவில் மேலே போகும் அச்சு ஒய்,
இதில் இசட்.
அத்தனை பெரிய மூளைகளுக்கு
மேல் எந்தப் பக்கம் என்பதில் ஒத்துப்போகவில்லையாம்.
எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.
தொடை நோகும் பக்கம் மேல்.

இறக்கைகளைச் சுழற்றினேன்.
சுழன்றன, ஓரத்தில் எங்கோ ஒரு புள்ளியைச் சுற்றி.
மூன்றும் கூட்டமாய்ப் பறந்து
திரைக்கு வெளியே போய்
கொஞ்சம் கழித்து மறுபக்கம் வந்தன.
ரெஜிலா சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது.
சுழலும் புள்ளியை மூக்கில் கொண்டுபோய் வைக்கவேண்டும்,
அவ்வளவுதான் விஷயம்.
கண்டுபிடிக்க மூன்று நாள்.
பன்னிரண்டு வருடம் அந்த மூக்குக்குள் தவழ்ந்து
கிரீஸ் வைத்தவனுக்கு
மூன்று நாள்!

நாற்பதாவது சட்டகத்தில் கரண்ட் போனது.
பேட்டரி செத்து வருடமாகிறது.
ஜன்னலுக்கு அப்பால் மலையடிவாரம் வரை
சிவப்பு விளக்குகள் விட்டுவிட்டு மினுங்கின.
அத்தனையும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன,
யாருக்காகவோ.

மறுபடி முதலிலிருந்து.
அழியாத கனசதுரத்தைக் கோபுரத்தின் காலடிக்குத் தள்ளி
ஒரு கதவு வரைந்தேன். டிரான்ஸ்பார்மர் அறை.
உள்ளே யாரோ நைட் டியூட்டி.

நாலு வினாடி.
மையம் பிசகாமல் சுற்றியது.
அஜினுக்கு அனுப்பினேன்.
'கொள்ளாம் மக்கா,
நிழலை எங்கே காணோம்?'

விடியும்வரை தேடினேன்,
எந்தப் பொத்தான் என்று.
பொத்தானில்லை.
நிழல் விழத் தரை வேண்டும்.
நான் தரையே போடவில்லை.